கோபம் ஒன்றும் இல்லை

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தாரணியைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். லீவு முடிந்து ஹாஸ்டலுக்குப் போகிறவள், பஸ் கிளம்பும்வரை ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்தால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

பேச்சுத்துணைக்கு வீட்டுக்காரர் இருக்கிறாரே என்றால், இருக்கிறார். இவர் செடிகளோடு பேசுவார், என்னோடு பேசுவார், வேறு யாரோடும் பேசமாட்டார். என்னோடு பேசுவதும் முக்கால்வாசி செடிகளைப் பற்றித்தான். அதனால் பூச்சிமருந்துக் கடையில் ஜனவரியில் கொடுத்த டைரியை இன்றைக்குத்தான் பிரித்திருக்கிறேன்.

எங்கள் நர்சரி கோபியிலிருந்து சத்தி போகிற ரோட்டில் இருக்கிறது. முன்னால் நிழல்வலை போட்ட கொட்டகை, பின்னால் வீடு. செடி வாங்கப் பெண்கள் வந்தால் "சாந்தா, சித்த இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டு இவர் பின்பக்கம் போய்விடுவார். அவ்வளவு கூச்சம். ஊரில் சென்னியப்பன் நர்சரி என்று யாரும் சொல்வதில்லை, சாந்தாமணி நர்சரிதான்.

இன்றைக்குக் கவர்களில் மண் நிரப்பினோம். நேற்று மறுபடியும் துணியில் லேசாகப் பட்டிருந்தது. சூடு. வெந்தயம் ஊறவைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மோர், இளநீர். குழம்பில் மிளகாயைக் குறைத்துவிட்டேன். சப்பென்று இருக்கிறதாம் இவருக்கு. இரண்டு தடவை ஊறுகாய் கேட்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இனிமேல் தாரணியின் அறையில் படுத்துக்கொள்கிறேன் என்று சாயங்காலம் சொல்லிவிட்டேன். இவர் ரோஜா ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏஞ் சாந்தா?"

"நீங்க கொறட்டை விடறீங்க. தூக்கமே வர்றதில்ல."

"கண்ணாலமான நாள்ல இருந்து விட்டுட்டுத்தான இருக்கேன்?"

"அன்னைக்கிருந்து கேட்டுட்டுத்தானுங்க இருக்கேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுபடி கத்தியை எடுத்து ஒட்டுக் கட்ட ஆரம்பித்தார். ஆனால் அந்தச் செடியை ஏற்கெனவே கட்டி முடித்திருந்தார்.

எனக்குத் தீட்டு நின்று ஒன்றரை வருடமாகிறது. நின்றபோது அப்பாடா என்றிருந்தது. இப்போது ரத்தம் படுவது எல்லா நாளும் இல்லை. இவர் பக்கத்தில் வந்த மறுநாள்தான் படுகிறது. இதைக் காகிதத்தில் எழுதக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதியாயிற்று. தாரணி வரும்போது டைரியை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும்.

செப்டம்பர் 6, வெள்ளி

நாளைக்கு விநாயகர் சதுர்த்தி. எருக்கம்பூ மாலைக்கு நல்ல கிராக்கி. துளசித் தொட்டி, வெள்ளெருக்கு, அருகம்புல் தட்டு எல்லாம் போயிற்று. காலையிலிருந்து நின்றபடியே இருந்ததில் இடுப்பு விட்டுப்போகிறது.

பழைய நூல்சேலை ஒன்றைக் கிழித்துத் துண்டு துண்டாக மடித்து வைத்திருக்கிறேன். தண்ணீராகப் படுகிறது. வாடையும் இருக்கிறது. சாயங்காலம் இரண்டாவது தரம் குளித்துவிட்டு வந்ததைப் பார்த்து, "என்ன, இப்பெல்லாம் ரெண்டு நேரமும் குளிக்கற?" என்று கேட்டார். மண்ணில் வேலை செய்தால் குளிக்க வேண்டாமா என்றேன். இவர் தன் கைகளைப் பார்த்துவிட்டுத் தானும் போய்க் குளித்துவிட்டு வந்தார். பாவம்.

பிறகு மல்லிகையும் மைசூர்பாகும் வாங்கி வந்து மேசையில் வைத்தார். வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"உங்கண்ணன் வீடு குடிபோனப்ப நான் வராமப் போயிட்டேன், அதுக்குத்தான கோவம்?"

"அது நடந்து வருசமாச்சுங்க. எனக்கென்ன கோவம்?"

"கோவமில்லீன்னு நீ சொன்னா, கோவம் இருக்குதுன்னு அர்த்தம்."

பூவை வைத்துக்கொண்டேன். மைசூர்பாகைப் பாதி இவருக்குக் கொடுத்தேன். இவர் கிட்டே வந்து உட்கார்ந்ததும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

நான் துணி துவைத்துவிட்டு வருவதற்குள் இவர் அரிசிம்பருப்பு சாதம் செய்து வைத்திருந்தார். வாழ்நாளில் முதல் தடவை. குக்கரைத் திறந்தால் மேலே அரிசி, நடுவில் கஞ்சி, அடியில் கரி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவரும் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு.

நடுவில் இருந்த கஞ்சியை நெய் விட்டு இருவரும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. பிறகு குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கென்று தெரியவில்லை.

தெரியும். காலையில் தொட்டி தூக்கும்போதே பட்டுவிட்டது. இவர் என் பக்கத்தில் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. அப்படியும் பட்டது. தொட்டி கனம், அதனால்தான் இருக்கும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

முதல் பஸ்ஸுக்கே நங்கையா வந்து இறங்கினார்கள். இவருடைய அக்கா மரகதம். நான் நங்கையா என்று கூப்பிடுவேன். பெருந்துறையில் இருக்கிறார்கள். கையில் ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயப் பலகாரம். சும்மா வருகிறவர்கள் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வந்ததும் இவர் தலையைக் குனிந்துகொண்டு நிழல்வலைக்குள் போய்விட்டார்.

காபி குடித்துவிட்டு நங்கையா முருங்கைக்கீரையை ஆய உட்கார்ந்தார்கள். என்னையும் எதிரே உட்காரச் சொன்னார்கள்.

"அந்தப் பையன் எனக்குப் போன் போட்டு அழுகாத கொறையாச் சொல்றான். 'அக்கா, சாந்தாவுக்கு என்னையப் புடிக்காமப் போயிருச்சாட்ட இருக்குது'ங்கறான். என்னடி பண்ணுனான் எந்தம்பி? குடிச்சானா?"

"ஐயோ, இல்லீங் நங்கையா."

"வேற யாரையாச்சும் பாத்தானா?"

"இவருங்களா? மொகத்தப் பாத்து ஒரு பொம்பளைக்குச் செடி விக்க மாட்டாருங்க."

"பொறவு எதுக்குத் தனியாப் படுக்கற? கொறட்டைன்னு எங்கிட்டச் சொல்லாத. அவங்கூட ஒரே ஊட்டுல வளந்தவ நானு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொல்லிவிட்டேன். "சேந்து இருந்தா அடுத்த நாள் ரத்தம் படுதுங் நங்கையா."

நங்கையாவின் கை நின்றுவிட்டது.

"உனக்குத்தான் நின்னுபோச்சே?"

"ஒண்ணரை வருசமாச்சுங்க."

"தண்ணியாட்டமும் படுதா?"

"ஆமாங்க."

"வாடை?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆடிக்கு முன்னாடி இருந்துங்க. சூடுன்னு நெனைச்சேன்."

நங்கையா கீரையைத் தள்ளிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "எங்க பக்கத்தூட்டு ராசாத்தியும் சூடுன்னுதான் சொல்லிட்டிருந்தா. எளநியாக் குடிச்சா. வெளிய சொல்ல வெக்கம். வலி தாங்காமக் கொண்டுபோனப்ப, எல்லாப் பக்கமும் பரவிப்போச்சுன்னுட்டாங்க. கடைசி மாசம் பூராம் நாந்தான் கூட இருந்தேன்."

"அப்ப எனக்கும் அதானுங்களா?"

"எனக்கென்ன தெரியும், நான் டாக்டரா? புண்ணா இருக்கலாம், சதை வளந்திருக்கலாம், ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம். பாத்தாத்தான தெரியும்? நின்ன பொறவு ஒரு சொட்டு பட்டாலும் போயிக் காட்டோணும். ராசாத்தி போன பொறவு ஆஸ்பத்திரி நர்சம்மா எங்களையெல்லாம் உக்கார வெச்சுச் சொன்னதுல எனக்கு அது ஒண்ணுதான் மனசுல நின்னுச்சு. நானும் போயிக் காட்டீட்டுத்தான் வந்தேன்."

தாரணிக்குப் பரீட்சை வருகிறது, ஆயுத பூஜைக்குச் சாமந்தி கேட்டிருக்கிறார்கள், தீபாவளி கழியட்டும் என்றேன். சொல்லச் சொல்ல நங்கையா முறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"அவங்கிட்ட நீயே சொல்லு. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள சொல்லல, நான் போன் போட்டுச் சொல்லிப்போடுவேன்."

போகும்போது என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்த இவர், "அக்கா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார். முருங்கைக்கீரை நல்லது என்று சொன்னார்கள் என்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கடைசி வரிசைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, செடிகளைப் பார்த்தபடியே சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு இவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்கா? அடி சாந்தா! நான் என்னமோ, என்ற மேல வெறுப்பாயிருச்சு, வயசாயிருச்சு, மண்ணு வாடை அடிக்குதுன்னு எது எதையோ நெனைச்சு…"

சிரிப்பு பாதியில் நின்றது. முகம் மாறியது. "ரத்தமா?" என்றார். ஹோஸ் கையிலிருந்து நழுவித் தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா, உங்களாலதான்னு நெனைச்சுக்குவீங்க."

"நெனைக்கத்தான் செய்யறேன்."

"அதுக்குத்தானுங்க சொல்லல."

பிறகு குனிந்து ஹோஸை எடுத்தார். "புதங்கெழமை ஈரோடு ஆஸ்பத்திரிக்குப் போறோம். சாமந்தி பூத்தாப் பூக்குது, காஞ்சாக் காயுது" என்றார். சாமந்தி காயட்டும் என்று இவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபோதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

செப்டம்பர் 25, புதன்

பெண்கள் பிரிவில் உட்கார்ந்திருந்த ஒரே ஆண் இவர்தான். சுற்றிலும் பெண்களாக இருந்ததால் கழுத்து வலிக்க வலிக்க விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் என் பெயரை அழைக்கத் தாமதமானதும் எழுந்து போய் நர்ஸிடம், "என்ற சம்சாரத்தச் சித்த சீக்கிரம் பாருங்கம்மா, ரத்தம் படுதுங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்கு உடம்பே கூசியது. நர்ஸ் மட்டும் உடனே திரும்பிப் பார்த்தார்.

டாக்டரம்மா பெயர் ஷர்மிளா. தாரணியைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். "சேர்ந்த பிறகு ரத்தம் படுதாங்கம்மா?" என்று அவராகவே கேட்டார். தலைவலி இருக்கிறதா என்று கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். மாதக்கணக்கில் நான் விழுங்கி வைத்திருந்த வார்த்தைகள். இப்படிக் கேட்கக்கூடிய கேள்வியாக இது இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. ஆமாம் என்று சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

சோதித்துப் பார்த்தார்கள். கருவியை வைக்கும்போது சில்லென்று இருந்தது. வினிகர் மாதிரி ஒரு மருந்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாயில் ஒரு இடம் சந்தேகமாக இருக்கிறது, துளி சதை எடுத்து அனுப்பலாம் என்றார். கிள்ளுவது போல ஒரு வலி, அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் இளநீர் குடித்தேன்?

வரும் வழியில் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஊர்க்காரர்கள் இருந்தார்கள். விடவில்லை.

அக்டோபர் 2, புதன்

ரிசல்ட் இன்னும் வரவில்லை. சாமந்தி மொட்டு வைத்திருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

புற்றுநோய்தான்.

டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் அவருடைய மேசையில் இருந்த மணிப்பிளாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மாற்றி ரொம்ப நாளாகியிருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்படி ஏன் யோசித்தேன் என்று தெரியவில்லை.

"ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. கோயம்புத்தூர்ல ஸ்கேன் பாத்து, பரவலைன்னா ஆபரேஷன் பண்ணிடலாம். இந்த நிலையில பெரும்பாலானவங்க நல்லாயிடறாங்க" என்றார்.

இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "டாக்டரம்மா, இது என்னாலயா வந்துது?" என்று கேட்டார். கூச்சமே இல்லாமல்.

"இது ஒரு வைரஸால வர்றதுங்க. குடும்பம் நடத்தறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு எப்பவோ வந்து, தானாப் போயிடும். சிலருக்குப் போகாமத் தங்கிடுது. எப்ப, எப்படின்னு யாராலயும் சொல்ல முடியாது. யார் குத்தமும் இல்ல. நீங்க பக்கத்துல போனதால புண்ணு வரல. புண்ணு இருந்ததால ரத்தம் காட்டிக்கொடுத்துது. நல்லவேளை, காட்டிக்கொடுத்துது."

இவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

தாரணியிடம் பரீட்சை முடிந்து சொல்லலாம் என்றேன். "மறைச்சது போதும் சாந்தா" என்று சொல்லிவிட்டு அங்கேயே, ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்று போன் செய்தார். இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் கத்தினாள். "தலைவலின்னாக்கூட எனக்குப் போன் பண்ணுவியேம்மா! இத மட்டும் எப்படிம்மா சொல்லாம இருந்த?" பிறகு என் பின்னால் உட்கார்ந்து, சின்னப் பிள்ளையில் நான் அவளுக்குச் செய்த மாதிரி, தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். ரொம்ப இறுக்கமாகப் பின்னிவிட்டாள்.

அக்டோபர் 20, ஞாயிறு. கோயம்புத்தூர்

பரவியிருப்பதாக ஸ்கேனில் தெரியவில்லை. நாளைக் காலை ஆபரேஷன். வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் நங்கையா கூட இருக்கிறார்கள். இவர் வெளியே மரத்தடியில் இருக்கிறார். லாட்ஜுக்குப் போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறார்.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள். தாரணி இருந்த இடம். இனி எனக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லைதான். ஆனாலும் சாயங்காலம் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நங்கையா பார்த்தார்கள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்றுத் தீபாவளி. வீட்டில்தான் இருக்கிறேன். எண்ணெய்க் குளியல் கிடையாது, பலகாரம் கிடையாது. ரசம் சாதம்.

மூத்திரம் போவதற்கு இன்னும் குழாய் வைத்திருக்கிறார்கள். பையை இவர்தான் எடுத்து ஊற்றிக் கழுவி வைக்கிறார். முதல் நாள் நான் முகத்தை மூடிக்கொண்டேன். "விடு புள்ள. பஞ்சகவ்யம் கலக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். சிரிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன்.

தாரணி நர்சரியைப் பார்த்துக்கொள்கிறாள். எலுமிச்சைக் கன்று கேட்டவருக்கு நாரத்தையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

நவம்பர் 7, வியாழன்

எடுத்ததை எல்லாம் பரிசோதித்து அறிக்கை வந்துவிட்டது. நெறிக்கட்டிகளில் நோய் இல்லை. வெட்டி எடுத்த ஓரங்களிலும் இல்லை. கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சும் வேண்டாம், கீமோ மருந்தும் வேண்டாம், தவறாமல் வந்து காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள்.

இவர் டாக்டரை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அதற்கும் சொன்னார், சிரித்துக்கொண்டே. வெளியே வந்து நங்கையாவுக்குப் போன் போட்டவருக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பக்கம் நங்கையா "என்றா, என்றா தம்பி, வாயத் தொறந்து சொல்றா" என்று கத்துவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தாரணி போனைப் பிடுங்கி, "அத்தை, அம்மா நல்லாருக்காங்க" என்றாள். நங்கையா என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். மூன்று பேர் அழுதுகொண்டிருக்க, நான்தான் போய் டீ வாங்கிவந்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

தாரணிக்கு முதல் ஊசி நேற்றுப் போட்டாயிற்று. அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி. இன்னும் போட வேண்டும். ஊசி போட்டாலும் முப்பது வயதானதும் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை எனக்கே அவள் திருப்பிச் சொன்னாள். கை வலிக்கிறது என்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

இவர் செய்த வேலையை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். டீக்கடையில், நாலு பேர் நடுவில், "உங்கூட்டுல பொம்பளைங்களுக்கு நின்ன பொறவு ரத்தம் படுதா, சேந்த பொறவு படுதா, தண்ணியாட்டம் போகுதான்னு கேளுங்கப்பா. கேட்டா ஒண்ணும் கொறஞ்சு போயர மாட்டீங்க. எங்கூட்டுல நான் கேக்காமத்தான் இத்தனையும்" என்று சொல்லியிருக்கிறார். செடி விற்கவே பேச மாட்டாத மனுஷன். பால்காரர் வந்து சொன்னபோது எனக்கு எங்கே ஓடி ஒளிவது என்று தெரியவில்லை. "மானத்த வாங்கீட்டீங்க" என்றேன். "ஆமா" என்றார். அவ்வளவுதான்.

மத்தியானம் அந்த டீக்கடைக்காரரின் சம்சாரம் செல்லம்மணி வந்தாள். கறிவேப்பிலைக் கன்று வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகவில்லை. இதற்கு வெயில் வேண்டுமா, நிழல் வேண்டுமா என்று கேட்டாள். சொன்னேன். தண்ணீர் தினமும் விட வேண்டுமா என்று கேட்டாள். அதையும் சொன்னேன். பிறகும் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டுக் கொல்லையில் ஆள் உயரத்துக்குக் கறிவேப்பிலை மரம் நிற்கிறது, எனக்குத் தெரியும்.

ரோஜா பார்க்க வந்திருந்த இரண்டு பெண்களை இவர் "வாங்கம்மா, பின்னால நல்ல கலரு இருக்குதுங்க" என்று அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் செல்லம்மணியின் கையிலிருந்து கன்றை வாங்கிக் கீழே வைத்தேன்.

"எத்தனை நாளாப் படுது?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அப்படியே என் பக்கத்தில் மண் மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

நாளைக்குக் காலை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் ஈரோடு போகிறோம். இவருக்கு மத்தியானத்துக்கு எதையாவது செய்து வைத்துவிட்டுப் போக வேண்டும்.